வண்டியோடு போன வெப்சைட்

அம்சவல்லி வீட்டு உள்ளறையில் புளி கறுத்துக்கொண்டிருந்தது. பங்குனியில் கொண்டுவந்து அடுக்கியபோது செக்கச்செவேலென்று இருந்த புளி. ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்து, உப்புத் தடவி மூட்டை கட்டிய புளி. நெல்லிக்கொல்லைப் பெண்கள் அத்தனை பேருடைய நகக்கண்ணும் அதற்குள் இருந்தது. ஆடி பிறந்து மலைமேல் சாரல் பிடித்ததும் சுவரில் ஈரம் கசிந்தது. மூட்டைக்குள் கையை விட்டால் கை கரேலென்று பிசுபிசுத்துக்கொண்டு வந்தது.

"தலைவி, இது புளியா, ரோட்டுக்குக் கொட்டற தாரா?" என்றாள் பாஞ்சாலி. அவளுடைய மூட்டையும் அந்தக் குவியலில்தான் கிடந்தது. பாஞ்சாலிக்கு வாய் நீளம். ஆனால் அன்றைக்கு அவள் கேலியாகக் கேட்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் பொறுடி."

"எதுக்குப் பொறுக்கறது? கறுத்து முடியறதுக்கா? நீ சொன்னேன்னுதானே வெச்சோம். இல்லன்னா அப்பவே பாண்டுரங்கன் வண்டியில ஏத்திட்டு வூட்டு வேலையப் பாத்திருப்போம்."

நடந்தது அதுதான். வருஷா வருஷம் ஒடுகத்தூரிலிருந்து வியாபாரி பாண்டுரங்கனின் மினி லாரி மலையேறி வரும். அவன் வைத்த தராசு, அவன் சொன்ன விலை. மூட்டைக்கு இத்தனை கழிவு என்று தள்ளுவான், கேட்டால் "ஈரம்மா, ஈரம்" என்பான். இந்த வருஷம் அம்சவல்லி தன் மகளிர் குழுவைக் கூட்டி, யாரும் அவனுக்குப் போடக் கூடாது, நமக்கு வெப்சைட் வருகிறது, ஊர் ஊராக இருப்பவர்கள் அதைப் பார்த்து நேராக நம்மிடமே கேட்பார்கள் என்று சொன்னாள். லாரி வெறும் வண்டியாகத் திரும்பியது. "பெரிய எடமாப் புடிச்சிட்டீங்க போல. ஆடியில பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் பாண்டுரங்கன் போனான். ஆடி வந்துவிட்டது.

வெப்சைட் வராமல் இல்லை. வந்தது. எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள்.

மலைக் குழுக்களுக்கு வெப்சைட் செய்து தருவதற்கு ஏதோ ஒரு திட்டத்தில் காண்ட்ராக்ட் எடுத்தவன் தனசேகரன். ஒடுகத்தூரில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் போர்டு மாட்டியிருந்தான். முதல் தடவை வந்தபோது புளி, சாமை, தேன், பெண்கள் எல்லோரையும் படம் பிடித்துக்கொண்டு போனான். இரண்டாவது தடவை வெள்ளைக் காரில் வந்து இறங்கினான். கோயில் மேடையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, "இங்க டவர் இல்ல, அதனால எல்லாரும் என் வைஃபைல சேந்துக்குங்க" என்றான். பெரிய போன் வைத்திருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்தார்கள். ஒரு நம்பரைச் சொன்னான், தட்டினார்கள். தட்டினதும் நெல்லிக்கொல்லை போனுக்குள் வந்து நின்றது. அம்சவல்லி இரண்டு கையிலும் புளியை ஏந்திக்கொண்டு நின்றாள். அடுத்த பக்கத்தைத் தட்டினால் சாமை. அதற்கடுத்து பாஞ்சாலி பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

"எம்மா, கண்ணாடியில கூட நான் இவ்ளோ லட்சணமா இல்லியேடி!" என்று பாஞ்சாலி கத்தியதில் கோயில் மேடையே குலுங்கியது.

தனசேகரன் ஒரு தாளை நீட்டினான். வெப்சைட் முடிந்தது, பார்த்தோம், திருப்தி. அம்சவல்லி கையெழுத்துப் போட்டாள். ஏன் போட மாட்டாள்? கையில் இருந்த போனில் அவளே நின்றுகொண்டிருந்தாளே. அந்த நம்பரை மறக்காமலிருக்க எல்லோரும் போனில் நட்சத்திரம் போட்டு வைத்துக்கொண்டார்கள். தனசேகரன் டீ குடித்துவிட்டுக் கிளம்பினான்.

கார் திருப்பத்தில் இறங்கி மறைந்த கொஞ்ச நேரத்தில் பாஞ்சாலி தன் சிரிப்பை இன்னொரு தரம் பார்க்கலாம் என்று தட்டினாள். சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"போயிடுச்சுடி."

"டவர் போயிருக்கும். அவரு கொண்டாந்தாரு, எடுத்துகினு போயிட்டாரு."

இந்த இடத்தில்தான் நெல்லிக்கொல்லை ஏமாந்தது. சமவெளியில் இருப்பவன் என்றால் அன்றைக்கே சந்தேகப்பட்டிருப்பான். மலையில் யாரும் சந்தேகப்படவில்லை. ரேஷன் கடை மிஷினில் ரேகை விழவில்லை என்றால் டவர் இல்லை. வங்கிக் கணக்கில் நூறுநாள் வேலைக் கூலி ஏறவில்லை என்றால் டவர் இல்லை. கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து மருமகன் போனை எடுக்கவில்லை என்றாலும் டவர்தான். எது நின்றுபோனாலும் அதற்கு ஒரு காரணம் எப்போதும் தயாராக இருந்தது. பெண்கள் ஆனைப்பாறை மேல் ஏறி, ஒற்றைக் கோடு டவர் விழும் இடத்தில் நின்று, போனை ஆகாசத்துக்கு நீட்டித் தட்டிப் பார்த்தார்கள். சக்கரம் சுற்றியது. திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்த அம்சவல்லியின் மகன் பிரகாஷுக்கு நம்பரைச் சொன்னார்கள். அவன் தட்டிப் பார்த்துவிட்டு, "தெரியலம்மா" என்றான்.

"அங்கியும் டவர் இல்லியாடா?" என்று அம்சவல்லி அவனுக்காகப் பரிதாபப்பட்டாள்.

தனசேகரனுக்குப் போன் போட்டால் அவனும் அதையேதான் சொன்னான். "மலையில டவர் இல்லன்னா நான் இன்னாக்கா பண்ணட்டும்? நான் தொறந்து காட்டினேனா இல்லியா? நீங்க பாத்தீங்களா இல்லியா?"

பார்த்தோம். பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

ஆடிப் பதினெட்டுக்கு அம்சவல்லியின் தம்பி மகள் நதியா வந்தாள். வேலூரில் வெப்சைட் செய்து கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில் அவளுக்கு வேலை. வந்தவளிடம் பாஞ்சாலி போனை நீட்டி, "நீ இதெல்லாம் படிச்சவதானே, எங்களுக்குக் கொஞ்சம் டவர் வரவெச்சிக் குடு" என்றாள். நதியா நட்சத்திரம் போட்ட நம்பரைப் பார்த்தாள். நூத்தித்தொண்ணூத்திரண்டு புள்ளி நூத்தியறுபத்தெட்டு என்று தொடங்கியது அது. அவள் முகம் மாறியது.

"அத்தை, இது வெப்சைட் அட்ரஸே இல்ல."

"பின்ன இன்னா?"

நதியா தன் லேப்டாப்பை எடுத்தாள். ஒரு போல்டரில் நாலைந்து பக்கம் இருந்தது, ஏதோ துணிக்கடைக்காக அவள் செய்துகொண்டிருந்தது. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி அடித்தாள். தன் போன் வைஃபையைப் போட்டு லேப்டாப்பையும் அம்சவல்லியின் போனையும் அதில் சேர்த்தாள். அதே மாதிரி ஒரு நம்பரைத் தட்டச் சொன்னாள். அம்சவல்லியின் போனில் புடவைகள் வந்து விழுந்தன.

"வந்துடுச்சு! டவர் வந்துடுச்சு பாரு!" என்று எழுந்தாள் பாஞ்சாலி.

"டவர் வரல சின்னம்மா. இது எங்கியும் போவல, எங்கிருந்தும் வரல. என் லேப்டாப்புல கீற போல்டர இந்த வூட்டுக்குள்ள கீற போனுக்கு நானே எடுத்துக் குடுக்கறேன். அதுக்கு ஒரு சின்ன சர்வர் ஓட்டிகினு கீறேன், அவ்ளோதான். இந்தாண்ட லேப்டாப்ப மூடினா அந்தாண்ட புடவை இல்ல. இது மாதிரி நம்பர் வூட்டுக்குள்ளதான் செல்லும். லெட்டர் மேல 'உள்ரூம்'னு மட்டும் எழுதித் தபால் பெட்டியில போட்டா எங்க போய்ச் சேரும்?"

அம்சவல்லி புடவைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப இப்பிடிக் காட்டறது திருட்டு வேலையா?"

"இல்ல அத்தை. நாங்க எல்லாருமே இப்பிடித்தான் பண்ணுவோம். கூழு காய்ச்சும்போது கரண்டியில எடுத்து நாக்குல வெச்சி உப்புப் பாக்கறோம் இல்ல? அது மாதிரி. தப்பு எதுனா இருந்தா இங்கியே பாத்துத் திருத்திட்டு, அப்பால இன்டர்நெட்டுல ஏத்துவோம். உப்புப் பாக்கறது தப்பில்ல. அந்தாளு உப்புப் பாத்ததையே விருந்துன்னு சொல்லிட்டு எலையத் தூக்கிகினு போயிருக்கான்."

உள்ளறையிலிருந்து புளிப்பு வாடை வந்தது. பாஞ்சாலி தன் போனைக் கவிழ்த்து வைத்தாள். அதுதான் அம்சவல்லிக்கு அதிகம் வலித்தது.

"நமக்கு டவர் இல்லன்னு அவனுக்குத் தெரியும்டி" என்றாள் அம்சவல்லி. "எது கெட்டுப்போனாலும் நாம டவரத்தான் திட்டுவோம், அவனத் திட்ட மாட்டோம்னு தெரியும். நம்ம இல்லாமைய எடுத்தே நமக்குக் கண்ணி போட்டிருக்கான். கூலிக்காரி கையில கீற போனுக்குள்ள அவ மூஞ்சியவே காட்டி, அவ கையாலியே கையெழுத்தும் வாங்கிகினு போயிருக்கான்."

அவள் ஆனைப்பாறை ஏறித் தனசேகரனுக்குப் போன் போட்டாள். திட்டுவதற்குத்தான் போட்டாள். அவன் பேச விடவில்லை. "அக்கா, நாளைக்குக் காவலூர் பக்கம் ஒரு குழுவுக்கு வெப்சைட் தொறக்கறேன், அந்த வேலையில கீறேன். அப்பால பேசறேன்" என்று வைத்துவிட்டான்.

வாய்வரை வந்த வசவை அம்சவல்லி விழுங்கிக்கொண்டு இறங்கினாள். மறுநாள் நதியா வேலூர் பஸ்ஸில் ஏறினாள். அம்சவல்லி காவலூர் பஸ்ஸைப் பிடித்தாள்.

காவலூருக்கு இந்தப் பக்கம், குழுக் கட்டடத்து வாசலில் அதே வெள்ளைக் கார் நின்றது. உள்ளே முப்பது நாற்பது பெண்கள். எல்லோர் கையிலும் போன். மேஜை மேல் லேப்டாப் திறந்திருந்தது. தனசேகரன் மலர்ந்த முகத்தோடு, "வேகமாத் தெரியணும்னா என் வைஃபைல சேந்துக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். குழுத் தலைவி ரேணுகாதேவி கையில் பேனா இருந்தது.

அம்சவல்லி பக்கத்திலிருந்தவளின் போனை எட்டிப் பார்த்தாள். ஊர்ப் பெயர் மட்டும் மாறியிருந்தது. இரண்டு கை ஏந்தியிருந்த புளி அவளுடைய புளி. முகத்தை வெட்டிவிட்டிருந்தான். கை அவளுடையது, இடது பெருவிரலில் அரிவாள் பட்ட தழும்போடு.

"கையெழுத்துப் போடாதம்மா!"

எல்லோரும் திரும்பினார்கள். தனசேகரன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, கண் மட்டும் மாறியது. "வாங்கக்கா. இவங்க நெல்லிக்கொல்லைத் தலைவி. இவங்களுக்கும் நாமதான் பண்ணிக் குடுத்தோம். பாவம், அங்க டவர் இல்ல."

"எங்களுக்கு டவர் கீதுக்கா" என்றாள் ரேணுகாதேவி, கொஞ்சம் பெருமையாகவே. "பெரிய தொலைநோக்கி கீற ஊராச்சே."

"டவர் இருந்தா இன்னா, இல்லன்னா இன்னா? நீங்க பாக்கறது டவருல வரல. தோ அந்தப் பொட்டிக்குள்ளேருந்து வருது. அந்தப் பொட்டி போனா இதுவும் போயிடும்."

"அக்காவுக்கு ஏதோ கோவம்" என்று தனசேகரன் சிரித்தான். சில பெண்களும் சிரித்தார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கசங்கல் புடவையும் கலைந்த தலையுமாக நின்றவளைப் பார்த்தால் சிரிப்பு வரத்தான் செய்யும்.

அம்சவல்லி மேஜைக்குப் போனாள். லேப்டாப்பைப் படாரென்று மூடினாள்.

"ஏய்! இன்னாம்மா பண்ற!"

"இப்பப் பாருங்கடி உங்க வெப்சைட்ட."

பெண்கள் போனைப் பார்த்தார்கள். எல்லாம் அப்படியே இருந்தது. புளி இருந்தது, கை இருந்தது, ஊர்ப் பெயர் இருந்தது. ஒரு எழுத்துகூட அசையவில்லை.

"இருக்குதே" என்றாள் ஒருத்தி.

தனசேகரன் கையை விரித்தான். "பாத்தீங்களா? படிக்காதவங்க யாரோ சொன்னதக் கேட்டுகினு வந்து கலாட்டா பண்றாங்க. ரேணுகாக்கா, நீங்க போடுங்க."

அம்சவல்லி மூடிய லேப்டாப்பையே பார்த்தாள். மூடினால் போய்விடும் என்றுதானே நதியா சொன்னாள்? ரேணுகாதேவி தாளின் பக்கம் குனிந்தாள். பேனா முனை தாளைத் தொட்டது.

"அடுத்த பக்கம் வர மாட்டேங்குதே" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி. "தேனு போட்ட பக்கத்தத் தட்டினேன். சுத்திகினே கீது."

"எனக்கும்."

"எனக்குப் பழைய பக்கமும் போயிடுச்சு. இணைக்க முடியலன்னு எழுதிகினு நிக்குது."

முன்னாலேயே வந்து இறங்கியிருந்த பக்கம் மட்டும் போனில் தங்கியிருந்தது. விரல் பட்டதும் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. அறை முழுவதும் சக்கரங்கள் சுற்றின.

"டவர் போயிருக்கும்" என்றான் தனசேகரன். பழக்க தோஷத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அப்போது அந்தக் குழந்தைக்காரியின் போனில் பாட்டு ஒன்று கணீரென்று ஓடியது. குழந்தையின் அழுகையை நிறுத்த அவள் இன்டர்நெட்டில் தேடிப் போட்ட பாட்டு. "இன்னாத்த டவர் போச்சு? உன் வைஃபைலதான் கீறேன், பாட்டு ஓடுதே?"

ரேணுகாதேவி பேனாவை மூடினாள்.

அதற்குப் பிறகு தனசேகரன் பேசிய எதுவும் யார் காதிலும் ஏறவில்லை. வெப்சைட்டுக்கென்று சொந்தப் பெயர் வாங்கினால்தான் இன்டர்நெட்டில் ஏற்ற முடியும், பெயர் வாங்க நாளாகும், மேலிடத்தில் கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். அம்சவல்லி நதியாவுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேஜை மேல் வைத்தாள். "அதெல்லாம் ஒண்ணியும் வேணாம் அத்தை" என்றது நதியாவின் குரல். "சொந்தப் பேரு அப்பால வாங்கிக்கலாம். சும்மாவே எடம் குடுக்கற சைட்டு கீது. போல்டர அப்பிடியே இழுத்துப் போட்டாப் போதும். அவருக்கே தெரியும். நீங்க நின்னு பாருங்க."

கதவருகே நான்கு பெண்கள் நின்றார்கள். யாரும் கதவைச் சாத்தவில்லை, நின்றார்கள், அவ்வளவுதான். தனசேகரன் லேப்டாப்பைத் திறந்தான். நெல்லிக்கொல்லை என்ற போல்டர் பங்குனியில் இருந்தபடியே இருந்தது. அதை இழுத்தான், விட்டான். பச்சைக் கோடு ஒன்று இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போனது. ஓரத்து அடுப்பில் வைத்த டீ இன்னும் கொதிக்கவில்லை.

"ஆயிடுச்சு" என்றான்.

"இவ்ளோதானா?" என்றாள் அம்சவல்லி.

"இவ்ளோதாங்க்கா."

அவள் மகனுக்குப் போன் போட்டு, ரேணுகாதேவி படித்துச் சொன்ன நீளமான பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். திருப்பூரில் மிஷின்கள் ஓடும் இரைச்சலுக்கு நடுவே பிரகாஷ் தட்டிவிட்டு, அறைக்கே கேட்கும்படி கத்தினான்.

"தெரியுதும்மா! யம்மா, நீ நிக்கற! பாஞ்சாலி அத்தை சிரிக்குது பாரு! புளி இன்னாமா செவப்பு! எங்க சூப்பர்வைசர் வூட்ல நல்ல புளி கேட்டுகினே இருந்தாங்க. இதக் காட்டிச் சொல்லட்டா?"

பெண்கள் கை தட்டினார்கள். அம்சவல்லி போனைக் காதில் வைத்தபடி நின்றாள்.

தனசேகரன் கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். "இப்ப சந்தோஷமாக்கா? இந்தச் சின்ன வேலைக்கா இவ்ளோ கலாட்டா?"

"சின்ன வேலையா?"

அவள் குரல் உயரவில்லை. அறை தானாக அடங்கியது.

"சின்ன வேலைன்னு உன் வாயாலியே சொல்ற. டீ கொதிக்கற நேரம்கூட ஆவல. அந்தச் சின்ன வேலைய பங்குனியில பண்றதுக்கு உனக்குக் கை வலிச்சுதா? தெரியாதவன் பண்ணலன்னா மன்னிச்சிடலாம். உனக்குத் தெரியும். கேக்கறவன் பட்டணத்துக்காரனா இருந்தா பண்ணியிருப்ப. இவளுங்களுக்கு இது போதும்னு வுட்டுட்ட. எங்க பொம்பளைங்க நகம் பேந்துபோய் எடுத்த புளிடா அது. கறுத்துக் கெடக்குது. என் வார்த்தைய நம்பி வெச்சாளுங்க. வூட்டு வாசல்ல என்னப் பாத்தா பேச்ச நிறுத்தறாளுங்க. அதுவும் சின்ன வேலைதானா?"

தனசேகரன் கீழே பார்த்தான்.

"பிரகாசு, யாருக்கும் சொல்லாத. அப்பால சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். "அந்தச் செவப்புப் புளி போட்டோவ எடு."

"ஏன்க்கா? நல்லாத்தானே கீது?"

"அந்தப் புளி இப்ப எங்க வூட்ல இல்ல."

"அதுக்காகக் கறுத்த புளியயா போடறது? எவன்க்கா வாங்குவான்?"

"பழம்புளி வேணும்னு கேக்கறவனும் கீறான். வேணாங்கறவன் போவட்டும். இல்லாதத காட்டிட்டு ஓடறதுக்கு நான் தனசேகரன் இல்ல."

அவள் வெளியே போய்க் காரின் முன்கதவைத் திறந்து உட்கார்ந்தாள். பின்னாலேயே ரேணுகாதேவி லேப்டாப்பைத் தூக்கிவந்து ஜன்னல் வழியாக அவள் மடியில் வைத்தாள்.

"எங்கக்கா போறீங்க?" என்று தனசேகரன் ஓடிவந்தான்.

"நெல்லிக்கொல்லைக்கு. கீற புளிய கீறபடி நீயே படம் புடி. அப்பால கோயில் மேடையில ஏறி, வெப்சைட்டு காணாமப் போனதுக்குக் காரணம் டவர் இல்ல, நான்தான்னு எங்க பொம்பளைங்களுக்குச் சொல்லு. பாஞ்சாலி நாலு வார்த்தை கேப்பா. நின்னு கேட்டுக்கோ."

"எனக்கு சாயங்காலம் வேலூர்ல வேலை கீதுக்கா."

"சின்ன வேலையாத்தான் இருக்கும்" என்றாள் அம்சவல்லி. "வண்டிய எடு."